பாலேட்டில் குழைத்த பொடி

என் அக்கா மகளின் கல்யாணம் ஒரு வாடையால் நிற்க இருந்தது. வாடை என்று நாசூக்காக எழுதுகிறேன். உண்மையில் அது நாற்றம். அது எங்கிருந்து வந்தது என்பதை வெளியாட்கள் யாரிடமும் நாங்கள் சொன்னதில்லை. அன்று வாசல் பந்தலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்த அத்தானுக்கு, பெண்ணைப் பெற்றவருக்கே, இன்றுவரை தெரியாது.

எனக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஃபேஷியல் கடை. கீழே பூக்கடையும் பாத்திரக்கடையும், மாடியில் நான். முகத்தில் எண்ணெய் வழிய ஒருத்தி படியேறி வந்தால், அவள் வாய் திறப்பதற்குள் இதுவரை என்னென்ன பூசிப் பார்த்திருப்பாள் என்று நானே சொல்லிவிடுவேன். எலுமிச்சம்பழம், முல்தானி மட்டி, பற்பசை. பற்பசை பூசிக்கொண்டவர்களை நான் திட்டாமல் அனுப்புவதில்லை. இந்த ஊர் வெயிலில் எல்.ஆர்.டி. ரயில் நிலையத்திலிருந்து கடைக்கு நடந்து வருவதற்குள் யாருக்குத்தான் முகம் மினுங்காது? ஆனாலும் எண்ணெய் முகத்துக்காரிகள் ஏதோ தப்பு செய்துவிட்டவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டுதான் வருவார்கள். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அவர்களுக்கு நான் விற்கும் பொடியில் லைபேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. கொழுப்பைத் துண்டு துண்டாக வெட்டுவது அதன் வேலை. நாம் சாப்பிட்ட நெய்யை வயிற்றுக்குள் கரைப்பதும் இதே வகைதான். ஈரம் பட்டால் வேலையை ஆரம்பித்துவிடும் என்பதால் காய்ந்த பொடியாகவே விற்கிறோம். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு சின்னத் தொழிற்சாலை எனக்காகக் கலந்து டப்பாவில் அடைத்துக் கொடுக்கிறது. சந்தையில் சிலர் இந்த நொதி கொழுப்பையெல்லாம் தின்றுவிடும் என்று ஏகத்துக்குப் பீற்றிக்கொள்கிறார்கள். நான் அப்படி விற்பதில்லை. ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவுவதற்குள் அது எவ்வளவு தின்றுவிடும்? பாதி வேலையைத் தேய்க்கும் கையும் தண்ணீரும்தான் செய்கின்றன. அதிக நேரம் வைத்திருக்காதீர்கள், வெட்டிப்போட்ட துண்டுகளே தோலை எரிக்கும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் டப்பாவைக் கொடுப்பேன்.

அக்கா மகளுக்கு அந்தப் பொடி ஒத்துக்கொண்டது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கு எண்ணெய் முகம். அவள் நெற்றியில் அப்பளம் பொரிக்கலாம் என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அவளும் கூடவே சிரித்துவிட்டு, உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள். சுபாங் ஜெயாவில் வேலைக்குப் போன பிறகும் கைப்பையில் டிஷ்யூ இல்லாமல் வெளியே கிளம்பியதில்லை. கல்யாணம் நிச்சயமானதும் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: போட்டோவில் முகம் பளபளக்கக் கூடாது. கிள்ளானில் அக்கா வீட்டுக் குளியலறை அலமாரியில் என் பொடி டப்பா இருந்தது அதனால்தான். தினமும் காலையில் உள்ளங்கையில் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்துத் தேய்த்துக் கழுவினாள். முகமும் தெளிந்து வந்தது.

பெரியவர்கள் பார்த்து வைத்த சம்பந்தம். பையனுக்குக் கடல் தாண்டி பிந்துலுவில் வேலை. நிச்சயத்துக்கு வந்துவிட்டுப் போனவன், கல்யாணத்துக்குச் சில நாட்களுக்கு முன்தான் திரும்பி வந்தான். இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அன்று சாயங்காலம் எல்லாருடைய தலைக்குள்ளும் ஓடியது இந்தக் கணக்குதான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நலங்கு. பெண்ணை மணையில் உட்கார வைத்து, கட்டுக்கழுத்திகள் ஒவ்வொருவராக மஞ்சளும் சந்தனமும் பூசுவார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தையும் டெங்கிலிலிருந்து வந்திருந்தார்கள். கூறைப் புடவையையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். முன்கூட்டியே மடிப்பு வைத்து அயர்ன் செய்தால்தான் காலையில் சீக்கிரம் கட்ட முடியும் என்று நான்தான் கேட்டிருந்தேன். கேட்ட நானோ ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது நலங்கு முடிந்து, பூச வந்த மற்றப் பெண்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

வாசல் பந்தலில் ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் யாரும் பேசவில்லை. நலங்கு வீட்டில் பெண்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது நல்லதுக்கில்லை. செருப்பைக் கழற்றும்போதே எனக்கு அந்த நாற்றம் அடித்தது. கைக்குழந்தை பால் கக்கிய துணியைத் துவைக்காமல் சுருட்டி வைத்தால் ஒரு புளித்த வாடை வருமே, அது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ ஓங்கரிக்கும் சத்தமும் தண்ணீர் ஓடும் சத்தமும் கேட்டன.

அக்கா என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ போய் கேளு. எங்கிட்ட சொல்ல மாட்டேங்கிறா."

"என்ன சொல்லணும்?"

"வாந்தி எடுக்கிறா. சம்மந்தி காதுல விழுந்துருச்சு. எத்தன நாளா இப்படின்னு கேக்குறாங்க. நான் என்னத்த சொல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். ஆனால் அப்படி ஒரு கேள்வி வீட்டுக்குள் வந்துவிட்டால் தெரிந்தவர்கள் மூளையும் ஒரு நொடி நின்றுதான் ஓடுகிறது. நான் போய்க் கதவைத் தட்டி, சித்தி வந்திருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.

அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். இரண்டு கன்னங்களும் தாடையும் கழுத்தும் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தன. கண் இமை வீங்கியிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து இன்னும் புண்ணாக்கி வைத்திருந்தாள். வாந்தி எடுக்கவில்லை என்றாள். தன் முகத்திலிருந்தே வந்த நாற்றம் மூக்கைப் பிடுங்கியதால் குமட்டியது என்றாள். எல்லாவற்றையும் வரிசையாக, அழாமல் சொல்லிக்கொண்டு வந்தவள் கடைசியில்தான் உடைந்தாள்.

"அம்மா கதவச் சாத்திட்டு என்னைக் கேட்டாங்க சித்தி, நாள் தள்ளிப் போச்சான்னு. இல்லம்மான்னு சொன்னேன். திரும்பவும் கேட்டாங்க."

அவள் கையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அதே நாற்றம். நலங்கில் என்ன பூசினார்கள் என்று கேட்டேன். வழக்கமான மஞ்சள் சந்தனத்துக்குப் பதிலாக, மகளுக்கு விசேஷமாக இருக்கட்டும் என்று அக்கா என் பொடியைக் கொட்டி, கொஞ்சம் மஞ்சள் சேர்த்து, பாலேட்டில் குழைத்து வைத்திருக்கிறாள். கடலை மாவைக் குழைப்பது போல. அட்டையில் தண்ணீரில் குழைக்கவும் என்று போட்டிருக்கிறது. ஆனால் முகத்துக்குப் பூசும் பொடி என்றால் பாலேடுதான் என்பது அக்காவுக்குக் கையோடு ஊறியது. அட்டையை எதற்குப் படிக்க வேண்டும்? வந்த பெண்கள் எல்லாரும் கன்னத்திலும் கழுத்திலும் கையிலும் அதை அப்பி அப்பி, போட்டோ எடுத்து, ஆரத்தி சுற்றி முடிக்கும்வரை அவள் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு விளங்கிவிட்டது. முகத்தில் வடியும் எண்ணெயை லைபேஸ் வெட்டினால் அவ்வளவாக நாறாது. பாலின் கொழுப்பு வேறு. அதை வெட்டினால் வருகிற சின்னத் துண்டுகளின் வாடையும் வாந்தியின் வாடையும் ஒன்றுதான். பால் கக்கும் குழந்தையின் வயிற்றில் நடப்பது இவள் கன்னத்தில், உடம்புச் சூட்டிலேயே நடந்திருக்கிறது. தோலை எரித்ததும் அதே துண்டுகள். நிம்மதியும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து அவள் கன்னத்தில் வைத்துவிட்டு, இனி சோப்பைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். எதிரே கூறைப் புடவைத் தட்டு. ஒரு கிளினிக்கில் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தத் தெரியாதவர். சண்டைக்காரியாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், நானும் ஒரு கை பார்த்திருப்பேன். நான் பொடியைப் பற்றியும் பாலேட்டைப் பற்றியும் சொன்னதையெல்லாம் அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க தொழில் தெரிஞ்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா முக்குல ஃபார்மசி இருக்குலா. ஒரு டெஸ்ட் வாங்கியாந்து பாத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி. உங்களுக்கும் நல்லது."

நான் பதில் சொல்வதற்குள் அக்கா எழுந்து அலமாரியைத் திறந்து பர்ஸை எடுத்துவிட்டாள். கல்யாணப் பெண்ணை, மஞ்சள் பூசிய கையோடு, ஒரு குச்சியை நனைத்துக்கொண்டு வந்து காட்டச் சொல்கிறார்கள். அதை வாங்கிவர அவளைப் பெற்றவளே கிளம்புகிறாள். நான் வாசல்படியில் குறுக்கே போய் நின்றேன்.

குளியலறைக் கதவு திறந்தது. ஈரத் துணியைக் கன்னத்தில் பிடித்தபடி அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் செய்ய மாட்டேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா அவளை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கூறைப் புடவைத் தட்டைக் கையால் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த அத்தை டிரைவருக்குப் போன் செய்யக் கைப்பையைத் துழாவினாள். வெளியே பந்தலில் யாரோ ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். விடிந்தால் கல்யாணம்.

நான் அவர் எதிரே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பொறுங்கள், அதே பொடியை அதே பாலேட்டில் உங்கள் கண் முன்னால் குழைக்கிறேன், அதே நாற்றம் வருகிறதா என்று நீங்களே பாருங்கள் என்றேன். அத்தைதான் கேட்டாள்.

"வரலன்னா?"

"வரலன்னா அக்கா ஃபார்மசிக்குப் போகட்டும்."

சொல்லிவிட்டேன். அந்த நிமிடத்தில் அது எனக்குச் சாமர்த்தியமாகத்தான் பட்டது. தட்டு அங்கேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கவலை. குளியலறைக் கதவோரம் நின்றவளை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நலங்குக் கிண்ணத்தை அக்கா ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தாள். டப்பாவில் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது, அதுவும் குளியலறை ஈரத்தில் கட்டி தட்டிப்போயிருந்தது. ஈரம் பட்ட பொடி நாளடைவில் செத்துப்போகும். மேலே இருந்தது வேலை செய்திருக்கிறது என்பதற்காக அடியில் இருப்பதும் செய்யும் என்று என்ன நிச்சயம்? பால் சட்டி ஓரத்தில் ஒட்டியிருந்த ஏட்டை வழித்தெடுத்து, கட்டிகளை விரலால் நசுக்கி, மஞ்சளும் சேர்த்து ஒரு டம்ளரில் குழைத்தேன். உடம்புச் சூடு வேண்டும் என்று வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்துக்குள் டம்ளரை வைத்தேன். அதைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம்.

என் தொழிலில் எத்தனையோ பேருக்கு முகத்தில் பூசிவிட்டுக் காத்திருந்திருக்கிறேன். அந்த மாதிரிக் காத்திருந்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து முகர்ந்தேன். மஞ்சள் வாசனையும் பால் வாசனையும்தான். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஆறிவிட்டதென்று மாற்றி ஊற்றினேன். மறுபடியும் முகர்ந்தேன். பால்தான். மாப்பிள்ளையின் அம்மா போனை எடுத்து மணி பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்தார். அக்கா மடியில் பர்ஸ். வாய்க்குள் ஏதோ சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாற்றத்துக்காக யாராவது வேண்டிக்கொள்வார்களா? நானும் வேண்டிக்கொண்டேன். நல்லா நாறட்டும், வீடே நாறட்டும் என்று.

அவள் கூடத்துக்கு வரவில்லை. கதவோரத்திலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளரைச் சுற்றி நான்கு பெண்கள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்ததை அவள் எப்படிப் பார்த்தாள் என்று நான் யோசிக்கவே இல்லை. என் கண் முழுக்க டம்ளரில் இருந்தது.

முதலில் அத்தைக்குத்தான் தெரிந்தது. முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். நான் அவசரமாகக் குனிந்தேன். லேசாக ஒரு புளிப்பு. நான் ஆசைப்படுவதால் தோன்றுகிறதோ என்று சந்தேகம். இன்னும் கொஞ்சம் பொறுத்து மறுபடி குனிந்தபோது சந்தேகமே இல்லை. மூக்கைப் பிடுங்கியது. மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கையில் எடுத்து முகர்ந்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். குமட்டலை அடக்க அவருக்கும் வாயைப் பொத்த வேண்டியிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தட்டை நடுவில் நகர்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பையனப் பெத்தவ, கேக்காம எந்திரிச்சிப் போக முடியல."

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். காப்பி போட்டார்கள். கலகலவென்று பேச்சு ஆரம்பமாகிவிட்டது. இனிமேல் இந்தப் பொடி டப்பா என் வீட்டு வாசப்படி ஏறக்கூடாது என்று அக்கா என்னைக் கிண்டல் செய்தாள். ஜெயித்த சந்தோஷத்தில் நானும் பதிலுக்குப் பதில் பேசினேன். சம்பந்தி வீட்டார் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா அவளைத் தேடினார். அவள் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டிருந்தாள். முகத்தில் எரிச்சல், ஓய்வெடுக்கட்டும் என்று நாங்களே சொல்லி அனுப்பினோம்.

காலையில் கிள்ளான் மண்டபத்தில், மணப்பெண் அறையில், அவள் முகத்துக்கு நான்தான் ஒப்பனை செய்தேன். வீக்கம் வடிந்திருந்தது. சிவப்பு கன்னத்தில் மட்டும் மிச்சம். அதன் மேல் சிவப்பை மறைக்கும் பச்சை நிற க்ரீமை மெல்லியதாகத் தட்டி, அதற்கு மேல் மற்றதைப் போட்டேன். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முகமும் பளபளக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்து, மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் நன்றியாகத் தலையசைத்தாள். காலையிலிருந்து என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராத்திரி முழுக்க அதை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"நேத்து அது நாறாம போயிருந்தாலும், அம்மா உன்னத்தான் நம்பியிருப்பேன்டா."

நான் அவளுக்குக் கீழ் இமையில் மை தீட்டிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை மேலே உயர்த்தி, கூரையைப் பார்த்தபடியே இருந்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியது, ஆனால் வழிய விடவில்லை.

"நான்தான் இல்லன்னு சொன்னேனேம்மா. அப்பவும் கடைக்குப் போகக் கெளம்பிட்டீங்க." பிறகு கண்ணை இறக்கி என்னைப் பார்த்தாள். "சித்தி, நாறலன்னா அம்மாவ அனுப்புறேன்னு நீங்களும் சொல்லிட்டீங்க."

அக்கா அவள் கொசுவத்தில் இல்லாத சுருக்கத்தை நீவிவிட்டாள். பொடியைப் பற்றி எவ்வளவோ விளக்கத் தெரிந்த நான் மைக்குச்சியைத் திருகி மூடினேன். கதவைத் தட்டி, முகூர்த்தம் நெருங்கிவிட்டது, பெண்ணை அழைத்து வாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். நாதஸ்வரச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

அவள் எழுந்தாள். கைபிடித்துக் கூட்டிப்போக அக்கா கையை நீட்டினாள். இந்தப் பக்கம் நானும் நீட்டினேன். அவள் கோபமாக ஒன்றும் செய்யவில்லை. குனிந்து கூறைப் புடவையின் கொசுவத்தை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தனியாக மேடையை நோக்கி நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.